பழைய ஹாலிவுட் துப்பறியும் தொடர்களை வீட்டில் முறையாகப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

ரேமண்ட் பர் வழக்கறிஞராக நடித்த ‘பெரி மேசன்’ தொடரை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று நான் முடிவெடுத்த நாளுக்கும், அதன் முதல் எபிசோட் என் வீட்டுத் திரையில் ஒழுங்காக ஓடிய நாளுக்கும் இடையில் ஏழு மாதங்கள் கழிந்தன. முழு சீசன் என்று நினைத்து வாங்கிய செட் பாதி சீசனாக இருந்தது. வந்த டிஸ்க்கை வீட்டிலிருந்த பிளேயர் ஏற்கவில்லை. கணினியில் போட்டுப் பார்க்கப் போய், அதன் டிரைவையே கிட்டத்தட்டப் பூட்டிவிட்டேன். எல்லாம் சரியாகிப் படம் தெரிந்தபோது முகங்கள் அகலமாக இழுபட்டுத் தெரிந்தன, சப்டைட்டிலும் வரவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கால் மணி நேரம் நிதானித்துச் சரிபார்த்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நேர்ந்திருக்காது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு 1940 முதல் 1980கள் வரையிலான அமெரிக்கத் துப்பறியும் தொடர்களையும் பழைய ஹாலிவுட் மர்மப் படங்களையும், அவை எடுக்கப்பட்ட அதே அளவிலும் வேகத்திலும் நீளத்திலும் பார்க்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

‘பழைய மர்மத் தொடர்கள்’ என்று பொதுவாகத் தேடினால் தரமற்ற தொகுப்புகளில்தான் போய் நிற்பீர்கள். தினமும் உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை வைத்து ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள்.

அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் என்றால் 1955 முதல் 1962 வரை வந்த ‘ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்’ ஏற்றது. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை; ஏறக்குறைய 25 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு 1957 முதல் 1966 வரை 9 சீசன்களாக, 271 எபிசோட்களாக வந்த ‘பெரி மேசன்’ இருக்கிறது. குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்கு ஆஞ்சலா லான்ஸ்பரி நடித்த ‘மர்டர், ஷீ ரோட்’ பொருத்தமானது. 1984 முதல் 1996 வரை 264 எபிசோட்கள் வந்தன. வார இறுதியில் மட்டும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் என்றால் பீட்டர் ஃபால்க் போலீஸ் துப்பறிவாளராக நடித்த ‘கொலம்போ’வுக்குப் போங்கள். 1968 முதல் 2003 வரை மொத்தம் 69 கதைகள்தான்; ஒவ்வொன்றும் ஒரு திரைப்படத்தைப் போலத் தனித்து நிற்கும்.

இந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘முழுத் தொகுப்பு’ என்று ஒரு விற்பனையாளர் சொல்லும்போது அது உண்மையிலேயே முழுமையானதா என்று சரிபார்க்க இதுவே உங்கள் முதல் கருவி. கொலம்போவில் 1970களில் வந்தவை மட்டும் ஒரு தொகுப்பாகவும், 1989 முதல் வந்தவையும் சேர்ந்து வேறொரு தொகுப்பாகவும் விற்கப்படுகின்றன. இரண்டின் அட்டையிலும் கொலம்போ அணியும் அதே கசங்கிய மழைக்கோட்டுதான் இருக்கும்.

2. ஓ.டி.டி.யில் இருக்கிறதா என்று பாருங்கள்

ஏற்கெனவே நீங்கள் சந்தா கட்டும் ஏதேனும் ஒரு சேவையில் அந்தத் தொடர் இருந்தால் செலவே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியதில்லை. ‘ஜஸ்ட்வாட்ச்’ தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்துத் தேடினால், இன்றைய தேதியில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும். நாட்டை மாற்றாமல் தேடுவது பலரும் செய்யும் தவறு. அமெரிக்கப் பட்டியல் வந்துவிடக்கூடும். அதை நம்பிச் சந்தா கட்டினால் இங்கே அந்தத் தொடர் இருக்காது. பழைய படங்களுக்குப் பெயர்பெற்ற கிரைட்டீரியன் சேனல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே இயங்குகிறது. பீகாக் சேவைக்கும் இங்கிருந்து சந்தா கட்ட முடியாது. வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் வி.பி.என். வழியாக நுழைவது அந்தச் சேவைகளின் விதிமுறைக்கு எதிரானது. கணக்கை முடக்கினால் கட்டிய பணத்தைக் கேட்டுப் பெற வழியில்லை.

யூடியூபிலும் ஆப்பிள் டி.வி.யிலும் தனிப்படங்களை வாடகைக்கு எடுக்கலாம். பெரும்பாலும் 30 நாட்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பதற்கு முன் அங்கே குறிப்பிட்டுள்ள ஓடும் நேரத்தைப் பாருங்கள்.

ஓடும் நேரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1950களில் ஒரு மணி நேரத் தொடரில் கதை மட்டும் ஏறக்குறைய 52 நிமிடங்கள் இருக்கும். பிற்காலத்தில் விளம்பர நேரம் கூடியபோது, மறு ஒளிபரப்புக்காக அந்தப் பிரதிகளில் சில நிமிடங்களை வெட்டினார்கள். அப்படி வெட்டுப்பட்ட பிரதிகள் இன்றும் சுற்றுகின்றன. துப்பறியும் கதையில் வெட்டுவதற்குத் தோதாகத் தெரியும் இடம், யாரோ ஒருவர் மேசையில் எதையோ வைத்துவிட்டுப் போகும் அமைதியான காட்சிதான். பல சமயம் தடயம் இருப்பதும் அங்கேதான். ‘பெரி மேசன்’ எபிசோட் ஒன்று 45 நிமிடங்கள் என்று போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். ‘மர்டர், ஷீ ரோட்’ சற்றுப் பிந்தைய காலத்தது என்பதால் 47, 48 நிமிடங்கள் இருப்பது இயல்பு.

3. இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவை

காசு செலவழிக்கும் முன், இந்தக் காலத்துப் படங்களின் நடையும் பேச்சும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததாலோ, உரிமைக் குறிப்பு சரியாக இடப்படாததாலோ பொதுவுடைமையாகிவிட்ட படங்கள் சில உள்ளன. ‘டீடூர்’ (1945), ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ (1946), ‘டி.ஓ.ஏ.’ (1950), கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்த ‘ஷரேட்’ (1963) ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இந்தியச் சட்டம் திரைப்படத்துக்கு, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்புத் தருகிறது. இவை நான்கும் அந்தக் காலத்தையும் கடந்தவை. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் இவற்றின் பிரதிகள் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். முகங்களே தெரியாத அளவுக்கு வெளுத்துப்போன ஒரு பிரதியைப் பார்த்துவிட்டுப் பழைய படம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல பிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் சட்டைக் காலரின் தையல்கூடத் தெரியும். நான்கைந்து பிரதிகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் பார்த்து, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘ஷரேட்’ 113 நிமிடப் படம். அதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் அந்தப் பிரதி வேண்டாம். பிற்காலத்தில் கணினியில் வண்ணம் ஏற்றியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். நிழலை நம்பி ஒளியமைத்த படத்தில் அந்த நிழலைத்தான் வண்ணம் முதலில் அழிக்கிறது.

4. டிஸ்க் வாங்குவதானால் ரீஜன் எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

பல தொடர்கள் டிஸ்க்காக மட்டுமே முழுமையாகக் கிடைக்கின்றன; இன்று இருந்து நாளை காணாமல் போகும் தொல்லையும் அவற்றில் இல்லை. புதியவர்களின் பணம் அதிகமாக வீணாவதும் இந்தக் கட்டத்தில்தான்.

டி.வி.டி.க்காக உலகை ‘ரீஜன்’ எனப்படும் ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு பகுதிக்கான டிஸ்க் வேறு பகுதிக்கான பிளேயரில் ஓடாது. அமெரிக்காவும் கனடாவும் ரீஜன் 1. பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பாவும் ஜப்பானும் ரீஜன் 2. தென்கிழக்காசியா ரீஜன் 3. ஆஸ்திரேலியா ரீஜன் 4. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 5. சீனா ரீஜன் 6. பின்னட்டையின் மூலையில் சிறிய உலக உருண்டை வரைந்து அதற்குள் இந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள். உருண்டைக்குள் ‘ஆல்’ என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும். புளூரேயில் மூன்றே பகுதிகள்: அமெரிக்கா ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. பல புளூரே டிஸ்க்குகள் இந்தக் கட்டுப்பாடே இல்லாமல் வருகின்றன என்றாலும், வாங்குபவர் அதை ஊகிக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தில் எழுதப்படவில்லை என்றால் விற்பவரிடம் பின்னட்டையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்.டி. டிஸ்க்குகளுக்கு ரீஜன் கிடையாது; ஆனால் நாம் பேசும் தொடர்கள் அந்த வடிவில் அரிது.

பிரிட்டனிலிருந்து வாங்குவது பல சமயம் மலிவு. அப்போது ரீஜன் தவிர இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க டி.வி.டி. என்.டி.எஸ்.சி. முறையிலும் பிரிட்டன் டி.வி.டி. பி.ஏ.எல். முறையிலும் பதிவானவை. நம் ஊர்த் தொலைக்காட்சிகளும் பிளேயர்களும் இரண்டையும் காட்டிவிடும். ஆனால் பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதில் 25 ஓடுவதால் படம் 4 சதவீதம் வேகமாகும். 100 நிமிடப் படம் 96 நிமிடங்களில் முடிந்துவிடும், குரலும் சற்றே உயரும். எல்லோருக்கும் இது தெரிவதில்லை. ஆனால் இசையில் காது பழகியவர்களுக்கும், ஒரு நடிகரின் குரலை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்களுக்கும் முதல் வசனத்திலேயே தட்டுப்படும். விலை வேறுபாடு சிறிதென்றால் நான் அமெரிக்கப் பதிப்பையே வாங்குவேன்.

பாதி சீசன் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். ‘பெரி மேசன்’ டி.வி.டி.க்கள் தனித்தனியாக வந்தபோது ஒவ்வொரு சீசனையும் இரண்டு வால்யூம்களாகப் பிரித்தே வெளியிட்டார்கள். அட்டையில் சீசன் எண் பெரிதாகவும் வால்யூம் எண் சிறிதாகவும் இருக்கும். எபிசோட் எண்ணிக்கையைப் பார்க்காமல் எந்தச் செட்டையும் வாங்காதீர்கள்.

5. எதில் ஓட்டப் போகிறீர்கள்

டிஸ்க் வாங்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எல்லா ரீஜனையும் ஏற்கும் தனி டி.வி.டி. பிளேயர். நான் விசாரித்தபோது 3,000 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. கடையில் ‘மல்ட்டி ரீஜன்’ என்று வாயால் சொன்னதை நம்பி வாங்கிவிடக் கூடாது. முடிந்தால் ஒரு ரீஜன் 1 டிஸ்க்கை எடுத்துச் சென்று ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் பிளேயர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், அதன் பின்பக்கம் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 120 வோல்ட் மட்டும் எழுதியிருக்கும் பிளேயரை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் அந்தக் கணமே கருகிவிடும்.

இரண்டாவது வழி, யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவும் மடிக்கணினியும். டிரைவுக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும். தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு இன்னும் சில நூறு. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வேறு ரீஜன் டிஸ்க்கைப் போட்டவுடன் கணினி, ‘ரீஜனை மாற்றட்டுமா’ என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் படம் ஓடும். ஆனால் ஒரு டிரைவில் ஐந்து முறைதான் ரீஜனை மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்ததே அதன் ஆயுள் முழுக்க நிலைத்துவிடும். கணினியை ஃபார்மேட் செய்தாலும் இது மாறாது. எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. நான் பிரிட்டன் டிஸ்க்கையும் அமெரிக்க டிஸ்க்கையும் உள்ளூர் டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே மாலையில் நான்கு வாய்ப்புகளைத் தீர்த்துவிட்டேன். அந்த டிரைவை இப்போது ரீஜன் 1க்கு மட்டும் ஒதுக்கி, மேலே மார்க்கரால் எண் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு டிரைவுக்கு ஒரு ரீஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆர்டர், பணம், சுங்கம், ஆவணங்கள்

ஆர்டர் போடும் முன் உங்கள் வங்கிச் செயலியில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்டுகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமாகத்தான் மற்றதை இயக்க வேண்டும். பணம் கட்டி முடிந்ததும் மறுபடி மூடிவிடுங்கள். நாணய மாற்றுக் கட்டணமாக வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

சுங்க வரியைத் திரையில் தெரியும் விலையின்மேல் மட்டும் கணக்கிட்டுவிடாதீர்கள். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் மதிப்பிடுவார்கள். விகிதம் அவ்வப்போது மாறுகிறது என்பதால் ஆர்டர் போடும் நாளில் சுங்க வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு எளியது: விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் வாங்க மனம் ஒப்பினால்தான் வாங்குவேன். ‘பரிசு என்று எழுதி அனுப்புகிறேன், வரி வராது’ என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. பொய்யான விவரம் எழுதிய பார்சல் நின்றுவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பெறுபவர்தான்.

ஆவணங்களை ஒரே கோப்பில் வையுங்கள்: ஆதார் அல்லது பான் கார்டின் நகல், விற்பவர் தந்த இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான ரசீது, டிராக்கிங் எண். கூரியரில் வந்தால் கே.ஒய்.சி. (அடையாளச் சான்று) கேட்டு இணைப்பு வரும். அதைப் பதிவேற்றும் வரை பார்சல் நகராது. அந்தச் செய்தி விளம்பரம்போலத் தோன்றுவதால் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அதே தோற்றத்தில் மோசடிச் செய்திகளும் வருகின்றன. ஆகவே இணைப்பை அழுத்தாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நேராகச் சென்று உங்கள் டிராக்கிங் எண்ணை இட்டு அங்கிருந்து பதிவேற்றுங்கள்.

நம்மைப் போன்ற தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். பானில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். வெளிநாட்டுத் தளமோ ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்று தனித்தனிக் கட்டங்களில் கேட்கும். அங்கே வாய்க்கு வந்தபடி நிரப்பினால் பார்சலில் ஒரு பெயரும் ஆவணத்தில் இன்னொரு பெயருமாக நிற்கும். என் முதல் பார்சல் இதனாலேயே ஒன்பது நாட்கள் கிடந்தது. எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரை நிரப்புங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, எனக்குக் கூரியர் பார்சல்கள் ஏறக்குறைய இரண்டு வாரங்களிலும் சாதாரணத் தபாலில் வந்தவை ஐந்து முதல் எட்டு வாரங்களிலும் கிடைத்தன. தபால் மலிவு. ஒரே செட்டுக்குத் தபால் போதும். மூன்று நான்கு செட்களைச் சேர்த்து வாங்குவதானால் கூரியர் கணக்குச் சரியாக வரும்.

7. பார்சல் வந்த அன்றே செய்ய வேண்டியது

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பிறகு எல்லா டிஸ்க்குகளையும் அன்றே சோதியுங்கள். முதல் டிஸ்க்கை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை அலமாரியில் வைத்தால், நான்கு மாதம் கழித்து ஏழாவது டிஸ்க் நடுவில் நிற்கும்போது திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, கடைசி எபிசோடின் கடைசி ஐந்து நிமிடம் என்று மூன்று இடங்களில் ஓட்டினால் போதும். ஒற்றை அடுக்கு டிஸ்க் உள்ளிருந்து வெளிநோக்கிப் பதிவாவதால், அதன் கடைசிப் பகுதி இருப்பது கைபடும் வெளி விளிம்பில்; இரட்டை அடுக்கு டிஸ்க்கில் பெரும்பாலும் நடுப்பகுதி அங்கே வரும். கோளாறும் பெரும்பாலும் அங்கேதான்.

பழைய தொடர் செட்களில் இரு பக்கமும் பதிவான டிஸ்க்குகள் நிறைய உண்டு. அவற்றில் படமோ பெயரோ அச்சிட்டிருக்காது. இரண்டு பக்கமும் கண்ணாடிபோலப் பளபளக்கும். நடுத்துளையைச் சுற்றியுள்ள விரல்நக அகல வளையத்தில் எறும்பெழுத்தில் டிஸ்க் எண்ணும் பக்கமும் பொறித்திருக்கும். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நான்கு எபிசோட்கள் குறைவதாக நினைத்து விற்பவருக்குப் புகார் எழுதும் முன் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இத்தகைய டிஸ்க்கை எந்தப் பக்கமும் மேசைமேல் வைக்கக் கூடாது. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போட்டு வையுங்கள்.

8. தொலைக்காட்சியைச் சரிசெய்யுங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தத் தொடர்கள் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஹாலிவுட் படங்களும் ஏறக்குறைய அதே வடிவம்தான். இன்றைய திரை 16:9. ஆகவே இடமும் வலமும் திரையின் எட்டில் ஒரு பங்கு வீதம் கறுப்பாக இருப்பதே சரி. அந்தக் கறுப்பைக் குறையாக எண்ணி, ‘ஃபுல்’ என்று வைத்தால் மனிதர்கள் குட்டையாகிப் பருத்துவிடுவார்கள். ‘ஜூம்’ என்று வைத்தால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்கு வெட்டுப்படும். நீதிமன்றக் காட்சியில் சாட்சியின் முகம் தெரியும், அவர் கையிலிருக்கும் சான்றுப்பொருள் சட்டகத்துக்குக் கீழே போய்விடும். ‘ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்’ தொடக்கத்தில் ஒரு சில கோடுகளால் வரைந்த பக்கவாட்டு முகமும், அதற்குள் வந்து பொருந்தும் அவர் நிழலும் வருமல்லவா, அந்த முகம் பக்கவாட்டில் இழுபடாமல் இயல்பான வளைவோடு இருந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, அசைவை மென்மையாக்கும் வசதி. எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்ற பெயர்களில் இருக்கும். இதை அணைக்காவிட்டால் 1944இல் எடுத்த படம் நேற்று எடுத்த சீரியலைப்போல வழுக்கிக்கொண்டு ஓடும். உங்கள் தொலைக்காட்சியில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதை ஒருமுறை அழுத்தினாலே இதெல்லாம் தானாக அணைந்துவிடும். இல்லையென்றால் ‘மூவி’ அல்லது ‘சினிமா’ என்பதைத் தேர்ந்து, வண்ண வெப்பத்தை ‘வார்ம்’ என்று வையுங்கள். ‘விவிட்’ அமைப்பில் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாரிக்கும்.

மடிக்கணினியில் வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருள் வழியாகப் பார்ப்பவர்களுக்கு, யாராவது வேகமாக நடக்கும்போது கோட்டின் ஓரம் சீப்புப் பல்போலக் கிழிந்து தெரியலாம். வீடியோ மெனுவில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை இயக்கி, முறையை ‘யாடிஃப்’ என்று வைத்தால் சரியாகிவிடும்.

ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. சரவுண்ட் விளைவுகளை அணைத்துவிடுங்கள், வசனம் தெளிவாகும்.

9. சப்டைட்டில் வரவில்லை என்றால்

1950களின் அமெரிக்கப் பேச்சு வேகமானது. நம்மில் பலருக்கு எழுத்தின் துணை தேவை. தமிழில் சப்டைட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; ஆங்கிலம் இருந்தாலே நிறைவு. அட்டையின் பின்னால் ‘சப்டைட்டில்ஸ்’ என்று இருப்பதும் ‘க்ளோஸ்டு கேப்ஷன்’ அல்லது ‘சி.சி.’ என்று இருப்பதும் ஒன்றல்ல. பழைய தொடர்களின் அமெரிக்க டி.வி.டி.க்கள் பலவற்றில் இரண்டாவது மட்டுமே இருக்கும். அது அந்நாட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் படித்துக் காட்டுவதற்காகப் பட சிக்னலில் மறைத்து வைத்த எழுத்து. எச்.டி.எம்.ஐ. கேபிளில் அது கடத்தப்படாது. பிளேயர் மெனுவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. டிஸ்க் பழுதும் இல்லை, பிளேயர் பழுதும் இல்லை.

இதற்கு வழி கணினிதான். அதே டிஸ்க்கை வி.எல்.சி.யில் ஓட்டி, சப்டைட்டில் மெனுவில் ‘க்ளோஸ்டு கேப்ஷன்ஸ் 1’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வந்துவிடும். ஆங்கில எழுத்தின் துணையின்றிப் பார்க்க முடியாது என்றால், ஐந்தாம் படியில் தனிப் பிளேயரை விட்டுவிட்டு டிரைவு, மடிக்கணினி வழியையே தேர்ந்தெடுங்கள்.

10. எதிலிருந்து தொடங்குவது

கொலம்போ செட்டில் முதலில் இருப்பது 1968இல் வந்த முன்னோட்டப் படம். அதில் பாத்திரம் இன்னும் முழுமையாக உருப்பெறவில்லை. 1971 செப்டம்பரில் ஒளிபரப்பான, இளம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘மர்டர் பை தி புக்’ எபிசோடிலிருந்து தொடங்கி, நாலைந்து பார்த்த பிறகு பின்னோக்கிச் செல்லுங்கள். கொலையாளி யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். பல எபிசோட்களில் முதல் கால் மணி நேரம் வரை கொலம்போவையே காண முடியாது. வேறு டிஸ்க்கைப் போட்டுவிட்டோமோ என்று எடுத்துவிடாதீர்கள். விடைபெற்று வாசல் வரை போனவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று கேட்கும்போது, எதிரே இருப்பவரின் புன்னகை எந்த நொடியில் உறைகிறது என்பதைப் பாருங்கள்.

‘பெரி மேசன்’ தொடரை 1957இன் முதல் எபிசோடிலிருந்தே பார்க்கலாம். 1966இல் வந்த ஒரே ஒரு எபிசோட் தவிர அனைத்தும் கறுப்பு வெள்ளை. நீதிமன்றக் காட்சிகளில் ஜூரி இல்லையே என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலும் நாம் பார்ப்பது, வழக்கை முழு விசாரணைக்கு அனுப்பப் போதிய சான்று உள்ளதா என்று நீதிபதி மட்டும் அமர்ந்து கேட்கும் பூர்வாங்க விசாரணை. ‘இன்காம்பிடன்ட், இர்ரெலவன்ட் அண்ட் இம்மெட்டீரியல்’ என்று மூச்சுவிடாமல் எழும் ஆட்சேபணையை மூன்றாவது எபிசோடில் நீங்களே முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

திரைப்படங்களில் ‘லாரா’ (1944) முதலில், 88 நிமிடங்கள்தான். பிறகு ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941), அதன்பின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944). ‘தி பிக் ஸ்லீப்’ (1946) படத்தின் கதைப்பின்னல் மிகச் சிக்கலானது. பத்துப் படம் பார்த்த பிறகு போங்கள்.

இவற்றில் கொஞ்சம் தேறியதும் 1975-76இல் 22 எபிசோட்களாக வந்த ‘எல்லரி குயின்’ தொடரைத் தேடிப்பிடியுங்கள். தீர்வுக்குச் சற்று முன்பு கதாநாயகன் ஜிம் ஹட்டன் கேமராவை நேராகப் பார்த்து, தடயங்கள் எல்லாம் உங்கள் முன் இருக்கின்றன, கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று நம்மிடமே கேட்பார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் காரணத்தையும் எழுதி மடித்து வைத்துவிட்டு, பிறகு ஓட விடுங்கள்.